பெட்டியில் 10,000 லக்ஸ், கண்ணுக்கு எவ்வளவு?

குளிர்காலம் வந்தால் மனம் சுருண்டு படுத்துக்கொள்கிறது, அதற்கென்று ஒரு விளக்கு இருக்கிறதாமே என்று தேட ஆரம்பிப்பவர் முன்னால் முதலில் வந்து நிற்பது ஓர் எண்தான்: 10,000 லக்ஸ். உள்ளங்கை அகலச் சின்ன விளக்கின் பெட்டியிலும் அதே எண். கணினித் திரை அளவுக்குப் பரந்து, தாங்கியில் நிற்கும் பெரிய விளக்கின் பெட்டியிலும் அதே எண். விலை மட்டும் பல மடங்கு வேறுபடும். எண் ஒன்றாக இருக்கும்போது எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பெட்டிகளுமே பொய் சொல்லாமல் இருக்கலாம். லக்ஸ் என்பது விளக்குக்குள் இருக்கும் சரக்கு கிடையாது. ஒளி ஓர் இடத்தில் வந்து விழும்போது அங்கே எவ்வளவு விழுகிறது என்பதற்கான அளவு அது. விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியை லுமென் சொல்லும். அது எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தை வாட் சொல்லும். இந்த இரண்டும் விளக்கை எங்கே வைத்தாலும் மாறாது. லக்ஸ் மாறும். எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்று சொல்லாத வரை 10,000 லக்ஸ் என்பது பாதி வாக்கியம்தான்.

மீதிப் பாதி கையேட்டின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சிறிய விளக்குகள் பலவற்றில் அந்தத் தூரம் 15 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஒரு சாணுக்கும் குறைவு. அந்த நெருக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யாரால் உட்கார முடியும்? கொஞ்சம் பின்னால் சாய்வோம். சிறிய ஒளிமூலத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். 15 சென்டிமீட்டரில் 10,000 லக்ஸ் தந்தது, 30 சென்டிமீட்டரில் சுமார் 2,500 தரும். 60 சென்டிமீட்டரில் 600 சொச்சம். நல்ல வெளிச்சமான அலுவலக அறையிலேயே 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். ஆக, விலை கொடுத்து வாங்கி, தினமும் காலையில் மெனக்கெட்டு உட்கார்ந்து, கடைசியில் ஓர் அலுவலக மேசையின் வெளிச்சத்தை மட்டும் பெற்றுக்கொண்டு எழுந்து போகிற நிலை வரலாம். பரந்த முகப்பு கொண்ட விளக்கில் இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது. அந்தக் கூடுதல் விலை பெரும்பாலும் இதற்குத்தான்.

அந்த எண் எங்கிருந்து வந்தது

10,000 என்பது ஏதோ முழு எண்ணாக அழகாக இருக்கிறதே என்று விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்ட எண் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1980இல் ஆல்ஃபிரட் லூயியும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரவில் மூளையில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனை வெளிச்சத்தால் அடக்க முடியுமா என்பது கேள்வி. விலங்குகளில் முடியும் என்று தெரியும். மனிதர்களில் முடியாது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள், ஏனென்றால் சாதாரண அறை விளக்குகளை வைத்தே பார்த்திருந்தார்கள். லூயி குழு 2,500 லக்ஸ் கொடுத்துப் பார்த்தது. மெலடோனின் இறங்கியது. 500 லக்ஸில் அப்படி இறங்கவில்லை. மனித உடல் வெளிச்சத்தைப் பகல் என்று ஒப்புக்கொள்ள அறை விளக்கைவிடப் பல மடங்கு தேவை என்று அப்போதுதான் புரிந்தது.

நான்கு வருடம் கழித்து, 1984இல், அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் நார்மன் ரோசன்தாலும் சக ஆய்வாளர்களும் ஒரு நோயை முறைப்படி விவரித்துப் பெயர் வைத்தார்கள். பருவகால மனச்சோர்வு: இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து, குளிர்காலம் முழுக்க நீடித்து, வசந்தத்தில் தானாக விலகிவிடும் மனச்சோர்வு. ரோசன்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். வடக்கின் குளிர்காலம் தன்னையே எப்படி மந்தமாக்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆரம்ப காலச் சோதனைகளில் நோயாளிகளை 2,500 லக்ஸ் வெளிச்சத்தின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். பலன் இருந்தது, ஆனால் வேலைக்குப் போகிறவர் தினமும் காலையில் இரண்டு மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவார்? அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டெர்மன் போன்றவர்கள் வெளிச்சத்தைக் கூட்டி நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 10,000 லக்ஸ், அரை மணி நேரம். பெருக்கிப் பாருங்கள்: 2,500ஐ இரண்டு மணி நேரத்தால் பெருக்கினாலும், 10,000ஐ அரை மணியால் பெருக்கினாலும் ஒரே விடைதான் வருகிறது.

விளக்கு வாங்குகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பெருக்கலைத்தான். மருந்தின் அளவு என்பது வெளிச்சமும் நேரமும் சேர்ந்தது. உங்கள் கண்ணுக்கு 5,000 லக்ஸ்தான் வந்து சேர்கிறது என்றால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அதற்காக 500 லக்ஸில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நீட்டிக்கொண்டே போகக் கூடாது. கணக்கு அந்த அளவுக்கு நேர்கோட்டில் போவதில்லை.

இதற்கெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் ஒரு கப்பலில் இதன் முன்னோட்டம் நடந்திருக்கிறது. 1898இல் அண்டார்டிகாவின் பனியில் சிக்கிக்கொண்ட பெல்ஜிகா என்ற கப்பலில், வாரக்கணக்கில் சூரியனே எழாத இருட்டில் ஆட்கள் சோர்ந்து, கலங்கி, படுத்த படுக்கையானார்கள். கப்பலின் மருத்துவர் ஃபிரெடரிக் குக் அவர்களைத் துணி களைந்து, எரியும் அடுப்பின் முன்னால் தினமும் உட்கார வைத்தார். அங்கே வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும் இருந்தது, பச்சை இறைச்சி சாப்பிடவும் அவர் வற்புறுத்தினார், எனவே எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருட்டுதான் ஆட்களை வாட்டுகிறது என்று அவர் ஊகித்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஒளி உள்ளே போகும் வழி

விழித்திரையில் பார்வைக்கான செல்கள் மட்டும்தான் இருக்கின்றன என்று ரொம்ப காலம் நம்பப்பட்டது. 2002 வாக்கில் அந்தப் படம் மாறியது. மெலனாப்சின் என்ற நிறமியைத் தாங்கிய ஒருவகை நரம்பு செல்கள் அங்கே இருக்கின்றன. அவற்றின் முதல் வேலை உருவங்களைக் காட்டுவது அல்ல, வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்குச் சொல்வது. அந்தச் செய்தி தூக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் மூளையின் உயிர்க்கடிகாரத்துக்குப் போகிறது. அவை அதிகம் கிளர்வது சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியில்.

காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னே தள்ளும், மாலை வெளிச்சம் பின்னே தள்ளும். குளிர்காலத்தில் பொழுது தாமதமாக விடிவதால் பலருக்குக் கடிகாரம் பின்தங்கிவிடுகிறது, காலை வெளிச்சம் அதை இழுத்துச் சரிசெய்கிறது என்பது லூயி முன்வைத்த விளக்கம். எல்லோருக்கும் இது பொருந்துவதில்லை. மாலையில் ஒளி எடுத்தும் தேறியவர்கள் உண்டு. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அளவு பருவத்துக்கேற்ப மாறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒளி கண் வழியாகத்தான் வேலை செய்கிறது, எனவே விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பயனில்லை, கண்ணை மூடிக்கொண்டு தியானம் செய்தாலும் பெரிதாகப் பயனில்லை. இன்னொன்று, புறஊதாக் கதிருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. ஒளியால் சிகிச்சை என்றதும் பலருக்குச் சூரியக் குளியலும் வைட்டமின் டியும்தான் நினைவுக்கு வருகின்றன. 1903இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் ஃபின்சன் ஒளியை வைத்துத் தோல் காசநோய்க்குச் சிகிச்சை செய்தார். இன்றும் சோரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்குப் புறஊதா ஒளி கொடுக்கிறார்கள். அது வேறு துறை. மனச்சோர்வுக்கான விளக்கில் புறஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். சருமத்தைக் கறுக்க வைக்கும் விளக்குகளை இதற்குப் பயன்படுத்துவது கண்ணுக்கே ஆபத்து. இணையக் கடைகளில் ஒளிச் சிகிச்சை என்று தேடினால் மூட்டு வலிக்கான சிவப்பு விளக்கு, முகப்பருவுக்கான நீல முகமூடி எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அவற்றில் எதுவும் இது அல்ல.

நிஜமாகவே பலன் உண்டா

உண்டு, எல்லோருக்கும் இல்லை. 2006இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில் குளிர்கால மனச்சோர்வு உள்ள 96 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 10,000 லக்ஸ் ஒளியும் போலி மாத்திரையும், மறுபாதிக்கு மங்கலான ஒளியும் மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரையும். எட்டு வாரம் கழித்து இரு பக்கமும் 67 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒளி எடுத்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, பக்கவிளைவும் குறைவு.

ஆனால் ஒளியைச் சோதிப்பதில் ஒரு தீராத சிக்கல் இருக்கிறது. போலி மாத்திரை செய்யலாம், போலி வெளிச்சம் எப்படிச் செய்வது? முன்னால் விளக்கு எரிகிறதா இல்லையா என்று நோயாளிக்கே தெரியும். மங்கலான சிவப்பு விளக்கு, காற்றில் அயனிகளை வெளியிடும் கருவியை இயக்காமல் வைப்பது என்றெல்லாம் வைத்து ஆய்வாளர்கள் சமாளித்திருக்கிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டும் காலை ஒளி முன்னே நின்றது. நம்பிக்கையின் பங்கு கொஞ்சம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒளியின் பங்கு மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் வாசிப்பு.

இன்னோர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விளக்கு விற்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோஹன் குழு 177 பேரில் ஒருசாராருக்கு ஒளியும் மற்றவர்களுக்குக் குளிர்கால மனச்சோர்வுக்கென்றே அமைத்த பேச்சுச் சிகிச்சையும் கொடுத்தது. ஆறு வாரத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளி எடுத்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. பேச்சுச் சிகிச்சை எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான். விளக்கை வருடா வருடம் எடுத்து உட்கார வேண்டும். பலர் அடுத்த வருடமே விட்டுவிடுகிறார்கள்.

அது இருக்கட்டும், உங்களுக்கு இருப்பது இதுதானா என்பது முதல் கேள்வி. வழக்கமான மனச்சோர்வில் தூக்கமும் பசியும் போய்விடுவதுண்டு. இதில் பெரும்பாலும் தலைகீழ். தூக்கம் கூடும், மாவுப் பண்டங்கள் மேலும் இனிப்பின் மேலும் ஏக்கம் வரும், எடை ஏறும், கை கால் கனக்கும், ஆட்களைத் தவிர்க்கத் தோன்றும். குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து ஒரே பருவத்தில் வந்து போயிருந்தால்தான் மருத்துவர்கள் இந்தப் பெயரைப் பயன்படுத்துவார்கள். கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, வேலை ஓடவில்லை என்ற அளவிலான இலேசான வடிவம் இதைவிடப் பரவலானது. 1990இல் அமெரிக்காவில் வெளியான கணக்கெடுப்பு ஒன்றில் முழு நோய் உள்ளவர்கள் தெற்கே ஃபுளோரிடாவில் 1.4 சதவீதம், வடக்கே நியூ ஹாம்ப்ஷயரில் 9.7 சதவீதம் என்று வந்தது. வடக்கே போகப் போக ஏறும் என்று முடிவு கட்டலாம் என்றால் ஐஸ்லாந்து குறுக்கே நிற்கிறது. அவ்வளவு வடக்கே இருந்தும் அங்கே எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

முன்னால் வைத்து உட்காரும் பொருள்

சரி, விளக்குக்கு வருவோம். நான் முதலில் பார்க்கச் சொல்வது முகப்பின் அளவு, அடுத்து கையேட்டில் உள்ள தூரம். 10,000 லக்ஸ் 40 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்தில் கிடைத்தால் அது மேசையில் வைத்துப் பயன்படுத்தும் விளக்கு. 30 சென்டிமீட்டரில் கிடைத்தால் சமாளிக்கலாம். அதற்குக் கீழே என்றால் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். தூரமே எழுதப்படாத விளக்கை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். முகப்பு ஏறத்தாழ 30க்கு 40 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. அதன் பலன் தூரத்தோடு நிற்பதில்லை. சின்ன முகப்பில் தலையை இப்படி அப்படி ஆட்டினாலே ஒளிக்கற்றையிலிருந்து விலகிவிடுவோம். பெரிய முகப்பு இருந்தால் சாப்பிடலாம், படிக்கலாம், குனிந்து எழுதலாம். அதோடு, அதே ஒளி பெரிய பரப்பில் பரவி வரும்போது கண்ணைக் குத்தாது. சின்ன விளக்கின் முன்னால் கண் கூசி, சுருங்கி, முகத்தைத் திருப்பிக்கொள்வோம். முகம் திரும்பினால் கண்ணுக்குள் போகும் ஒளி மேலும் குறையும்.

எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் முடியாது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடையில் கிடைக்கும் 24 சாதனங்களை வாங்கி அளந்து 2019இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு ஏற்றவை என்று அவர்கள் வகுத்த அளவுகோலில் 7 மட்டுமே தேறின. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. அவை துல்லியமானவை அல்ல, ஆனால் உங்கள் கண் இருக்கும் இடத்தில் கைப்பேசியைப் பிடித்து, 8,000 வருகிறதா 800 வருகிறதா என்று பார்க்க அது போதும். கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. பாவை சுருங்கியும் விரிந்தும் விழித்திரை பழகியும் எல்லா வெளிச்சத்தையும் ஏறத்தாழ ஒன்றாகக் காட்டிவிடும். மேகம் மூடிய பகலில் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும், உச்சி வெயிலில் ஒரு லட்சம் வரை போகும், இரவில் வீட்டு அறையில் 200 இருந்தாலே அதிகம். நமக்கு எல்லாம் 'நல்ல வெளிச்சம்'தான்.

முகப்பின் மேல் பால் வெள்ளை நிறத்தில் ஒளியைப் பரப்பும் தகடு இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எல்இடி புள்ளிகள் தனித்தனியாகத் தெரியக் கூடாது. பழைய ஒளிர்குழாய் விளக்குகளில் புறஊதாக் கதிர் கசிவது கவலையாக இருந்தது. வெள்ளை எல்இடியில் அது மிகக் குறைவு, ஆனாலும் வடிகட்டப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐஇசி 62471 என்ற சர்வதேசத் தரம் விளக்கொளியால் கண்ணுக்கும் தோலுக்கும் வரும் ஆபத்தை வகைப்படுத்துகிறது. அதில் ஆபத்தற்றது என்ற பிரிவில் வருவதாகச் சொல்லும் தயாரிப்பாளர் ஓரளவாவது சோதித்துப் பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஐரோப்பாவில் விற்கும் விளக்குகளில் இருக்கும் சிஇ முத்திரையையும் கவனித்துப் பார்க்க வேண்டும். வெறும் சிஇ என்றால் மின்சாதனம் என்ற அளவில் விதிகளுக்கு உட்பட்டது என்று மட்டும்கூட இருக்கலாம். மருத்துவச் சாதனமாக வெளியார் ஒருவரால் சோதிக்கப்பட்டதில் அந்த முத்திரைக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்.

நிறம் பற்றி நிறைய வியாபாரப் பேச்சு இருக்கிறது. அந்தச் செல்கள் நீலத்துக்குக் கிளர்கின்றன என்றதும் நீல விளக்குகள் வந்துவிட்டன. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில் நீலம் கூட்டிய 750 லக்ஸ் வெள்ளை ஒளி, 10,000 லக்ஸ் ஒளிக்கு இணையாக வேலை செய்தது உண்மைதான். ஆனால் இத்தனை வருட ஆய்வுகளின் பெரும்பகுதி சாதாரண வெள்ளை ஒளியில்தான் நடந்திருக்கிறது, வெள்ளையிலேயே தேவையான நீலம் இருக்கிறது, தனி நீலம் கண்ணை அதிகம் கூச வைக்கும். வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு கெல்வின்; 4,000 முதல் 5,000 கெல்வின் வரையிலான வெள்ளை பெரும்பாலோருக்கு உறுத்தாது. முழு நிறமாலை என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையே இல்லை.

கையைத் தட்டினால் நிறம் மாறுவது, இசை, கைப்பேசி இணைப்பு ஆகியவற்றைத் தாண்டிச் செல்லுங்கள். துடிப்பு மட்டும் முக்கியம். மலிவான எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரியும், சிலருக்கு அதிலேயே தலைவலி வரும். கைப்பேசிக் கேமராவை விளக்கின் அருகே பிடித்தால், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரிந்துவிடும். மங்கலாக்கி வைத்திருக்கும்போதும் ஒருமுறை பாருங்கள், துடிப்பு அப்போதுதான் கூடும்.

தொப்பியிலும் கண்ணாடியிலும் பொருத்திய ஒளி? நடமாடிக்கொண்டே எடுக்கலாம் என்பது கவர்ச்சிதான், சான்று பலவீனம். விடியலைப் போல மெல்ல மெல்ல வெளிச்சம் கூட்டி எழுப்பும் படுக்கையறை விளக்குகளின் நிலைமை அதைவிட நன்று. அவற்றின் உச்சம் சில நூறு லக்ஸ்தான், ஆனால் மூடிய இமைகளின் வழியாக, சரியான நேரத்தில் வருகிறது. எழுந்திருப்பதே பெரும்பாடு என்பவருக்கு அது உதவும். பெரிய விளக்குக்கு மாற்றாக அதை வாங்காமல், துணையாக வாங்கலாம்.

யார் யோசித்து இறங்க வேண்டும்

இருமுனைக் கோளாறு உள்ளவர்கள், குடும்பத்தில் அது இருப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இதை ஆரம்பிக்கக் கூடாது. மனச்சோர்வைத் தூக்கிவிடும் எந்தச் சிகிச்சையையும் போல, ஒளியும் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளிவிடலாம்: தூக்கமே வேண்டாம், பேச்சு நிற்காது, பணம் கரைகிறது என்ற நிலை. அவர்களுக்குக் காலைக்குப் பதில் நண்பகலில், குறைந்த நேரத்தில் தொடங்கிப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, அதையும் மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் மாகுலா சிதைவு உள்ளவர்களும் கண் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வெளிச்சத்துக்கு உடலைக் கூருணர்வாக்கும் மருந்துகள் உண்டு. டாக்சிசைக்ளின், அமியோடரோன், லித்தியம், செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை ஆகியவற்றில் எதையாவது எடுப்பவர் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு இந்த வெளிச்சமே அதைக் கிளப்பிவிடும்.

மற்றவர்களுக்கு வருவது பெரும்பாலும் இலேசான தலைவலி, கண் சோர்வு, குமட்டல், ஒரு படபடப்பு. சில நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரலாம், பத்து நிமிடத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம்.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் விளக்குக் கடையில் நேரம் செலவழிக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடமோ அவசர உதவியிடமோ போக வேண்டிய விஷயம் அது.

உட்காரும் முறை

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம், முடிந்த வரை தினமும் ஒரே நேரத்தில். விளக்கை நேராக வெறிக்க வேண்டியதில்லை. கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, முகத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து, நேர் எதிரிலோ ஓரமாகவோ வைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். வான வெளிச்சமும் மேலிருந்துதான் வருகிறது. கறுப்புக் கண்ணாடி கூடாது. மாலையில் வசதியாக இருக்கிறது என்று அப்போது எடுத்தால் இரவுத் தூக்கம் கெடலாம், கடிகாரம் தவறான பக்கம் நகரலாம். ஏற்கெனவே விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்பவருக்குக் காலை ஒளி அதை இன்னும் முன்னே தள்ளிவிடும். நேரத்தை அவர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விளக்கை எங்கே நிரந்தரமாக வைக்கப் போகிறோம் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துவிடலாம். அலமாரியிலிருந்து தினமும் எடுத்து, கம்பியைச் சொருகி, முடிந்ததும் திரும்ப வைக்க வேண்டிய விளக்கு, சோர்ந்து கிடக்கும் ஒருவரின் காலையில் தோற்றுப்போகும். நோயே எதையும் ஆரம்பிக்க விடாத நோய். காலையில் நீங்கள் எப்படியும் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் அது நிற்கட்டும். அங்கே உட்கார்ந்தால் கண்ணுக்கும் விளக்குக்கும் எவ்வளவு தூரம் வரும் என்று அளவுநாடாவால் அளந்து, அந்தத் தூரத்தில் எத்தனை லக்ஸ் என்று கையேட்டில் தேடுங்கள். எந்த விளக்கு என்பது அதிலேயே பாதி முடிவாகிவிடும்.

விளக்கே வேண்டாமென்றால் நடக்கலாம். அன்னா விர்ஸ்-ஜஸ்டிஸ் என்ற சுவிஸ் ஆய்வாளரின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்காலக் காலைகளில் தினமும் ஒரு மணி நேரம் வெளியே நடந்தவர்கள் ஒரே வாரத்தில் தேறினார்கள். மேகமூட்டமான வானமும் அறை விளக்கைவிடப் பிரகாசம்தான். வேலைக்குக் கிளம்பும்போது வெளியே இன்னும் இருட்டாக இருக்கும் ஊர்களில்தான் விளக்கு தவிர்க்க முடியாததாகிறது.

பலன் வருவதாக இருந்தால் சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரியும். நன்றாகிவிட்டது என்று குளிர்காலத்தின் நடுவில் நிறுத்தினால் சோர்வு திரும்பிவிடும், வசந்தம் வரும் வரை தொடர வேண்டும். இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்தால் வராமலே தடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் இதை அலசியபோது கணக்கில் எடுக்கத் தகுந்ததாகக் கிடைத்தது 46 பேரை வைத்துச் செய்த ஒரே ஆய்வு. அதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. முந்தைய வருடங்களில் எந்த வாரத்தில் ஆரம்பித்தது என்று தெரிந்தவர் அறிகுறி எட்டிப் பார்த்தவுடன் விளக்கைப் போடலாம்.

இரண்டு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தும் மாற்றம் இல்லையென்றால், முதலில் தூரத்தை அளந்து பாருங்கள். பிறகு நேரத்தை 45 நிமிடமாக்கிப் பாருங்கள், அல்லது இன்னும் சீக்கிரம் எழுந்து எடுத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த விளக்கைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே முகத்தோடுதான் வரும், அவற்றுக்கு எத்தனை லக்ஸ் கொடுத்தாலும் போகாது.